ஐம்பதைக் கடந்த மலையகத்தவர் நெடுநாள் நலமாக வாழ உண்மையில் உதவும் பழக்கங்கள் எவை?

கொட்டகலை வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் கொட்டகலைக்கு அண்மையிலுள்ள ஒரு பாடசாலையில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். வயது 53. சென்ற மாதம் காய்ச்சலுக்கு மருந்தெடுக்கச் சென்ற இடத்தில் தற்செயலாகக் குருதி அமுக்கம் பார்த்தார்கள். 152க்கு 94 என்று இருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது பெரிதாக இறங்கவில்லை. வெறும் வயிற்றில் எடுத்த சீனிப் பரிசோதனையின் முடிவு 114. எல்லைக் கோட்டில் நிற்பதாகவும், மூன்று மாதம் பழக்கங்களைத் திருத்திக்கொண்டு மீண்டும் வரும்படியும் வைத்தியர் சொன்னார். எந்தப் பழக்கங்கள் என்று கேட்க நினைத்தேன். பின்னால் ஐம்பது பேர் காத்திருந்ததால் கேளாமலே எழுந்து வந்துவிட்டேன்.

என் குழப்பத்தின் வேர் என் தாயார்தான். பதினான்கு வயதில் கூடையைத் தலையில் மாட்டியவர், அறுபது வயது வரை மலையில் கொழுந்து பறித்தார். காலையில் கோதுமை மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும், மாலையில் சோறும் கருவாடும் அவருடைய உணவு. நாளெல்லாம் சீனி போட்ட சாயத்தண்ணீர் குடிப்பார். வாயில் வெற்றிலை இல்லாத நேரத்தில் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. எழுபத்தைந்து வயது வரை கிளினிக் வாசலை மிதிக்காத அவர் 86 வயதில் காலமானார். தோட்டத்துக் காரியாலயத்தில் எழுதுவினைஞராக இருந்த என் தந்தையார் 58 வயதில் பக்கவாதம் வந்து இறந்தார். அவர் பீடி குடிப்பவர். வேறெந்தக் குறையும் அவரிடம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பாடசாலை ஓய்வறையில் ஒருவர் வெந்தயம் என்கிறார். இன்னொருவர் வெந்நீரில் தேசிக்காய் என்கிறார். அந்தக் காலத்துச் சாப்பாட்டுக்குத் திரும்பினால் போதும் என்பது மூன்றாமவரின் கட்சி. ஆண்டில் பாதி நாள் மழை, வீட்டை விட்டு இறங்கினால் ஏற்றமும் இறக்கமும், ஆசிரியர் சம்பளம் என்னும் இந்த நிலைமைகளுக்குள் நின்றுகொண்டு நான் மாற்ற வேண்டியவை எவை? என் தாயாரைப் போல உடலுழைப்பு மட்டும் இருந்திருந்தால் போதுமா?

ஓய்வுபெற்ற தாதி எழுதுகிறார்:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். முப்பத்திரண்டு ஆண்டுகள் அரச வைத்தியசாலைகளில் தாதியாகப் பணியாற்றியவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்தைப் பற்றிய முடிவை உங்கள் வைத்தியரே எடுக்க வேண்டும்.

நீங்கள் கேட்ட கேள்விக்கான விடையில் பாதி உங்கள் தந்தையாரின் கதையிலேயே இருக்கிறது. பிரித்தானியாவில் 1951ஆம் ஆண்டு தொடங்கி ஐம்பது ஆண்டுகள் வைத்தியர்களையே பின்தொடர்ந்து நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2004இல் வெளிவந்தது. தொடர்ந்து புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள் என்றும், அறுபது வயதில் நிறுத்தியவர்கள்கூட ஏறத்தாழ மூன்று ஆண்டுகளையும் ஐம்பதில் நிறுத்தியவர்கள் ஆறு ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டார்கள் என்றும் அது காட்டியது. வெந்தயத்தாலோ தேசிக்காயாலோ இத்தனை ஆண்டுகள் கிடைத்ததாக எவரும் காட்டியதில்லை. அவற்றைக் குடிப்பதால் கேடில்லை. அவற்றை நம்பிக்கொண்டு கிளினிக்குக்குப் போகாமல் இருப்பதுதான் கேடு. நீங்கள் புகைப்பதாக எழுதவில்லை. புகைப்பவராக இருந்தால் மற்ற அனைத்தையும் தள்ளிவைத்துவிட்டு அதை முதலில் விடுங்கள்.

அடுத்தது குருதி அமுக்கம். வலியோ காய்ச்சலோ தராமல் உள்ளேயே வேலை செய்யும் நோய் இது என்பதால், எங்களிடம் வந்தவர்களில் பலர் ஒரு பக்கம் விழுந்த பிறகே வந்தார்கள். 35 வயதைக் கடந்தவர்களுக்கு அமுக்கம், சீனி, உடல் நிறை முதலியவற்றைக் கட்டணமின்றிப் பார்க்கும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களைச் சுகாதார அமைச்சு வைத்தியசாலைகளோடு சேர்த்து நடத்துகிறது. ஆனால் அங்கும் ஒன்றைக் கவனியுங்கள். நம் ஊரில் நோயாளி மலையேறி மூச்சு வாங்க வந்து நிற்பார். நின்ற நிலையிலேயே கையில் பட்டியைச் சுற்றிவிடுவார்கள். அப்படி எடுத்த அளவை நம்பாதீர்கள். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, கால்களை நிலத்தில் ஊன்றி, பேசாமல் அமர்ந்திருந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குளிரும் அமுக்கத்தை ஏற்றும் என்பதால் மார்கழி, தை மாதத்து அதிகாலையில் பார்த்த அளவையும் நண்பகலில் பார்த்த அளவையும் ஒன்றாக எண்ணக்கூடாது.

உப்பைப் பொறுத்தவரை, உலக சுகாதார அமைப்பு ஒருவருக்கு ஒரு நாளில் 5 கிராமுக்கும் குறைவாகவே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள்ளேயே, உப்புச் சேர வேண்டும் என்கிறது. நம் வீடுகளில் உப்புப் போத்தலைவிடக் கருவாடும் நெத்தலியும் சம்பலும் ஊறுகாயும், பேக்கரிப் பணிசும் பைக்கற்று நூடில்சும்தான் அந்தத் தேக்கரண்டியை நிரப்பிவிடுகின்றன. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் ஓரளவு குறையும். சீனாவின் 600 கிராமங்களில் சாதாரண உப்பில் கால் பங்கை நீக்கி அதற்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைட்டைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததாக 2021இல் அறிவித்தார்கள். ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அவ்வகை உப்பு ஆபத்தானது. வைத்தியரைக் கேளாமல் வாங்க வேண்டாம்.

இப்போது சீனி. ஒரு தேக்கரண்டிச் சீனி 4 முதல் 5 கிராம் வரை இருக்கும். ஆசிரியர் ஓய்வறையிலும் வீட்டிலுமாக ஒரு நாளைக்கு ஏழு கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்று வைத்தால், தேநீர் வழியே மட்டும் 56 கிராமைத் தாண்டிவிடும். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு இவ்வகைச் சீனி 50 கிராமைத் தாண்டலாகாது என்றும், 25 கிராமுக்குள் நின்றால் மேலும் நன்று என்றும் உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. மென்பானப் போத்தல்களில் 2016 முதல் இடப்படும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டங்களை நாம் பார்த்திருக்கிறோம்; நம் தேநீர்க் கோப்பைக்கு அப்படியொரு வட்டம் போட ஆளில்லை. ஒரேயடியாக நிறுத்தினால் பத்து நாளில் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரைக் கரண்டியாகக் குறைத்து வந்தால் நாக்கு பழகிக்கொள்ளும். வெறும் தேநீரைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. பிரித்தானியாவில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேரைப் பின்தொடர்ந்து 2022இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ தேநீர் குடித்தவர்களிடையே இறப்பு சற்றுக் குறைவாகவே காணப்பட்டது.

எல்லைக் கோட்டில் நிற்பவர் திரும்பி வரலாம் என்பதற்குச் சென்னையில் வைத்தியர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வே சாட்சி. சீனியைக் கையாளும் திறன் குறைந்திருந்தும் நீரிழிவு என்னும் நிலையை எட்டாதவர்கள், நாள்தோறும் நடந்தும் உணவைத் திருத்தியும் வந்தபோது, மூன்று ஆண்டுகளில் நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்ததாக 2006இல் அவர்கள் வெளியிட்டார்கள். அவர்களும் நம்மைப் போல அரிசியும் கோதுமையும் உண்பவர்கள். தையற்காரரின் அளவு நாடாவால் இடுப்பையும் அளந்து பாருங்கள்: தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்குள்ளும் பெண்களுக்கு 80க்குள்ளும் இருக்க வேண்டும்.

மடுவத்து மகள் எழுதுகிறார்:

சேர், தாதி அம்மா எழுதியவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரியை அவர் தொடாமல் விட்டுவிட்டார். என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்; கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்று வளர்ந்தவள் நான். மலையில் பறிக்கும் வேலையை உடற்பயிற்சி என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

1953இல் இலண்டனில் ஜெரமி மொறிஸ் என்பவர், இரட்டைத் தட்டுப் பேருந்துகளில் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிடப் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவு என்று காட்டினார். உழைப்பே மருந்து என்பவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் 2021இல் கோபன்ஹேகனில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றி வெளியான ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடலை அசைத்தவர்களுக்கு இறப்புக் குறைந்திருக்க, கடும் உடலுழைப்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அது கூடியிருந்தது. நடத்துநர் பத்துப் படி ஏறிவிட்டு நிற்பார், விரும்பினால் அமர்வார். காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்த பெண்ணோ, மழையிலும் அட்டைக்கடியிலும் சுமையோடு சரிவில் மணிக்கணக்காக நிற்பாள். நிறை குறைந்தால் அரைப் பெயர்தான், அதாவது அரைநாட் சம்பளம்தான், விழும் என்ற பதற்றமும் அவளோடு நிற்கும். இளைப்பாற இடமில்லாத உழைப்பு இதயத்துக்கு ஓய்வு தருவதில்லை. உங்கள் தாயார் 86 வரை வாழ்ந்தார். அவரோடு ஒரே கங்காணியின் கீழ் பறித்தவர்களில் எத்தனை பேர் அறுபதைக் கண்டார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? இறந்தவர்கள் தங்கள் உணவுப் பழக்கத்தைப் பற்றி நமக்குச் சொல்ல வருவதில்லை. மிஞ்சியவர்களைப் பார்த்துவிட்டு அந்தக் காலத்துச் சாப்பாட்டைப் புகழ்கிறோம்.

வயதுக் கணக்கையும் நான் எளிதில் நம்ப மாட்டேன். என் பாட்டியின் வயது அடையாள அட்டையில் ஒன்றும் பழைய தோட்டப் பதிவில் ஒன்றுமாக ஆறு ஆண்டு வித்தியாசத்தில் இருந்தது. மலையகத்தவர் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு பிறப்புப் பத்திரம் தேடி அலைந்த குடும்பங்களில் இது புதுமையல்ல. நமக்கு மட்டும்தான் இப்படி என்றும் எண்ண வேண்டாம்: 2010இல் ஜப்பானில் தேடிப் பார்த்தபோது, பதிவேட்டில் நூறு வயதைக் கடந்தவர்களாக இருந்த 2 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எங்கே என்று தெரியவில்லை. நூறாண்டு வாழ்பவர்களின் ஊர் என்று யாராவது ஒரு பட்டியலை அனுப்பினால், முதலில் அந்த ஊரின் பிறப்புப் பதிவு எப்படி என்று கேளுங்கள்.

பெண்களுக்காக இரண்டு செய்திகள். முதலாவது அடுப்புப் புகை. லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீட்டின் புகைக்கூண்டில்லாத குசினியில் ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்தவர்கள், ஒரு பீடிகூடத் தொடாமலே நுரையீரல் நோயாளிகள் ஆனார்கள். வீட்டுக்குள் எரியும் இத்தகைய புகையால் 2020இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. காஸ் அடுப்புக்கு வசதியில்லாவிட்டால், விறகைக் காயவைத்து, எதிரெதிரே இரண்டு திறப்புகளாவது வைத்து, குழந்தைகளை அந்த நேரத்தில் வெளியே இருத்தலாம். இரண்டாவது, சாப்பாட்டோடு தேநீர் குடிப்பது. அது கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் கணிசமாகத் தடுக்கும். குருதிச்சோகை பரவலாக இருக்கும் நம் பெண்கள், ரொட்டியும் சாயமும் ஒன்றாக என்ற பழக்கத்தை மாற்றி ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிப்பது நல்லது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை. அப்புறம், சேர், சம்பலில் உப்பைக் குறைக்கும்படி வீட்டில் சொல்வதற்கு முன் ஒரு வாரம் நீங்களே சம்பல் அரைத்துப் பாருங்கள்.

பசறைக்காரன் எழுதுகிறார்:

ஆசிரியரின் தாயார் வெற்றிலையோடு 86 வரை இருந்தார் என்பதைப் படித்து யாரும் துணிந்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. புகையிலையை விட்டுவிட்டு வெறும் வெற்றிலை பாக்குப் போடுகிறேன் என்று என்னைப் போல் ஏமாந்தவர்கள் பலர் இருப்பார்கள். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தி இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன.

நான் பதினெட்டு வயதில் தொடங்கினேன். நாற்பத்தாறாவது வயதில் காரமான கறி வாயில் பட்டாலே எரிந்தது. பிறகு வாயைத் திறக்கும் அளவு குறைந்து, மூன்று விரலை நிமிர்த்தி உள்ளே வைக்க முடியாமல் போனது. பல் வைத்தியர் கன்னத்தின் உட்புறத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, தசை நார்ப்பட்டு இறுகிவிட்டது, இனி இது முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பாது, புற்றுநோயாக மாறாமல் பார்த்துக்கொள்வதே நம் வேலை என்றார். அன்றே நிறுத்தினேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் நான்கு மாதம் பிடித்தது; மூன்று முறை மீண்டும் தொடங்கினேன். மற்றவர்கள் போடும்போது வெறும் வாயோடு இருப்பதுதான் கடினம். ஆகவே சட்டைப் பையில் ஏலக்காயும் கிராம்பும் வைத்துக்கொண்டேன். மாசி மாதம் காமன் கூத்து நடக்கும் இரவுகளில் தட்டு சுற்றி வரும்போது இன்றும் கை போகிறது.

வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை தெரிந்தாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலும் நாள் கடத்தாதீர்கள். கண்ணாடி முன் நின்று நாக்கின் அடியையும் கன்னத்தின் உள்ளையும் மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடிப்பவர்களும் சற்று ஆறவிட்டுக் குடியுங்கள். 65 பாகை செல்சியசைத் தாண்டிய பானங்கள் உணவுக் குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று அதே முகவரகம் 2016இல் கூறியது. குளிரில் இதைச் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

கொட்டகலை வாசி:

மூவருக்கும் நன்றி. மடுவத்து மகள் கேட்ட கேள்வி என்னை ஓர் இரவு முழுவதும் உறங்க விடவில்லை. அம்மாவோடு வேலை செய்த, நான் பெயர் அறிந்த பதினொரு பெண்களில் எழுபதைக் கடந்தவர்கள் நால்வர் மட்டுமே. இன்னும் ஒரு சந்தேகம்: நடக்கச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் சரிவுதான். இறங்கும்போது வலது முழங்கால் வலிக்கிறது. நாளொன்றுக்குப் பத்தாயிரம் காலடி என்பது என்னால் முடியுமா?

இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஒருவர்:

பத்தாயிரம் என்ற எண் ஆராய்ச்சியில் பிறந்ததன்று. 1965 அளவில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணிக் கருவிக்கு வைத்த பெயர் அது. 2022இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, அறுபதைக் கடந்தவர்களுக்கு 6000 முதல் 8000 அடிக்கும், அதற்குக் குறைந்த வயதினருக்கு 8000 முதல் 10,000 அடிக்கும் மேல் நடப்பதால் ஆயுளுக்குக் கூடுதல் பயன் பெரிதாகத் தெரியவில்லை. மிகக் குறைவாக நடப்பவர் சற்றுக் கூட்டினாலே பெரும் பயன் கிடைக்கிறது. நிமிடக் கணக்கு வேண்டுமானால், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான வேகம், அதாவது பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற அளவு போதும். ஏற்றத்தில் அந்த வேகம் தானாகவே வந்துவிடும் என்பது மலைநாட்டின் வசதி.

முழங்கால் வலிக்குக் காரணம், இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே உடலின் பாரத்தைத் தடுத்து நிறுத்த வேண்டியிருப்பதாகும். அந்தத் தசை வலுவிழந்தால் மூட்டு பாரத்தை ஏற்கிறது. முதல் ஒரு மாதம் நடந்து ஏறி, பேருந்திலோ ஆட்டோவிலோ இறங்குங்கள். அதற்குள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று எண்ணும் வரை மெதுவாக அமரும் பயிற்சியை நாள்தோறும் பத்துப் பத்தாக இரண்டு முறை செய்யுங்கள். பிறகு சிறிய சரிவுகளில் குறுகிய அடி வைத்து, ஒரு கோலைப் பிடித்து, வளைந்து வளைந்து இறங்கிப் பழகலாம். இறக்கத்தை முற்றாகக் கைவிட வேண்டாம். ஆஸ்திரிய மலைகளில் இரண்டு மாதம் ஏறவும் இரண்டு மாதம் இறங்கவும் மட்டும் ஆட்களை விட்டுப் பார்த்தபோது, உடல் சீனியைக் கையாளும் திறன் இறங்கும்போதே கூடுதலாக மேம்பட்டது. மூட்டு வீங்கினாலோ, இடையில் பூட்டிக்கொண்டாலோ, நெஞ்சில் இறுக்கம் தோன்றினாலோ நடையை நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள். மழை நாளில் பாடசாலை மண்டபத்தைச் சுற்றி நடக்கத் தடையில்லை. கூட ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். துணையிருந்தால் நடை நிற்காது என்பது ஒரு காரணம். 148 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், உறவும் நட்பும் நெருக்கமாக உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதலாக இருந்தது என்பது மற்றொன்று. பிள்ளைகளைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியவர்களை நான் வீடு வீடாகப் பார்ப்பதால், இந்த எண் எனக்கு வியப்பளிக்கவில்லை.

கொட்டகலை வாசி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சீனி இரண்டு கரண்டியிலிருந்து ஒன்றரையாகி, இப்போது ஒன்றில் நிற்கிறது. ஓய்வறையில் அனைவருக்கும் ஒரே கேத்தலில் சீனி போட்டுக் கலக்கும் வழக்கத்தை மாற்றச் சொன்னதில் ஒரு சிறு மனக்கசப்பும் வந்தது. சம்பலை நானே அரைத்தேன். பாதி உப்பில் தேசிக்காய்ப் புளி கூட்டினால் ஒப்பேறுகிறது. கணித ஆசிரியரும் நானும் மாலையில் ஏறி நடக்கிறோம், இறங்குவதற்கு ஆட்டோ. ஐந்து நிமிடம் அமர்ந்திருந்து பார்த்ததில் அமுக்கம் 144க்கு 90. இன்னும் குறைய வேண்டும் என்றும், குறையாவிட்டால் மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது என்றும் தாதி சொன்னார், ஒப்புக்கொண்டேன். பசறைக்காரன் எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். சாப்பிட்ட பின் ஒரு சீவல் பாக்கு மட்டும் போடுபவர் அவர். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்க் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பார்த்தார். மூன்று விரல் உள்ளே போனது. ஆனாலும் வரும் வியாழக்கிழமை இருவரும் பல் வைத்தியரிடம் போகிறோம்.